மின்வாரியம் பிரிக்கப்படும்போது முத்தரப்பு ஒப்பந்தத்தை எழுதும் முறை

மாநில மின்வாரியம் ஒன்றைக் கம்பெனிகளாகப் பிரிப்பது என்று அரசு முடிவெடுத்ததும், எதிர்ப்பதா ஏற்பதா என்ற கேள்விதான் தொழிற்சங்க அலுவலகங்களில் முதலில் எழும். அதற்கு ஒவ்வொரு சங்கமும் தன் கொள்கைப்படி விடை கண்டுகொள்ளலாம். இந்தக் குறிப்பு அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. பேசித் தீர்த்துக்கொள்வது என்று இரு புறமும் உட்கார்ந்துவிட்ட பிறகு, அரசும் வாரியமும் சங்கங்களும் சேர்ந்து கையெழுத்திடும் ஒப்பந்தத்தை எப்படி எழுதினால் அது இருபது ஆண்டுகள் கழித்தும் செல்லுபடியாகும் என்பதைச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், எதிர்வரிசையில் அமரும் எரிசக்தித் துறை அதிகாரிகளுக்கும் பயன்படும்படி எழுத முயல்கிறேன்.

ஊதிய ஒப்பந்தங்களை நிர்வாகமும் சங்கங்களும் தமக்குள் பேசி முடித்துக்கொள்வது வழக்கமாக இருக்கும்போது, இதற்கு மட்டும் அரசு ஏன் மூன்றாவது தரப்பாக வர வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. காரணம் எளியது. பிரிவினை நாளன்று வாரியம் என்ற தரப்பே இல்லாமல் போய்விடும். 1957-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மின்சார வாரியம், 2010 நவம்பர் 1 அன்று ஒரு தாய்க் கம்பெனியாகவும், மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம், மின்சாரத்தை உயர் அழுத்தக் கம்பிகளில் கொண்டுசெல்லும் மின் தொடரமைப்புக் கழகம் என்ற இரு துணைக் கம்பெனிகளாகவும் மாறியது. 2024-இல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என்று மறுபடியும் பிரிக்கப்பட்டது. இப்படித் தரப்புகள் மாறிக்கொண்டே போகையில், கொடுத்த வாக்கைச் சுமந்துகொண்டு கடைசிவரை நிற்கக்கூடிய ஒரே தரப்பு மாநில அரசுதான். ஆகவே ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பத்தியையும் எழுதும்போது, இந்தக் கம்பெனி நாளை வேறு பெயரில் வேறு உரிமையாளரிடம் போனால் இந்தப் பத்தி யாரைக் கட்டுப்படுத்தும் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

எப்போது உட்காருவது

மின்சாரச் சட்டம், 2003-இன் 131-ஆம் பிரிவு வாரியத்தின் சொத்துகளையும் பொறுப்புகளையும் மாற்றுவதைப் பற்றியது. 133-ஆம் பிரிவு ஊழியர்களை மாற்றுவதைப் பற்றியது. இவ்விரண்டையும் செயல்படுத்தும் மாற்றத் திட்டம் அரசிதழில் வெளியாவதற்கு முன்பே ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட வேண்டும் என்பதே பொது விதி. அறிவிக்கை வெளியாகும்வரை அரசுக்குச் சங்கங்களின் ஒத்துழைப்பு தேவைப்படுகிறது. வெளியான பிறகு அந்த அவசரம் அரசுக்கு இருப்பதில்லை.

தில்லி வித்யுத் வாரியத்தில் 2000 அக்டோபரில் முத்தரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. பகிர்மானம் தனியாருக்கு 51 சதவீதப் பங்குடன் கைமாறியது 2002 ஜூலை 1 அன்று. கேரளத்திலோ அரசு 2008-இலேயே வாரியத்தின் சொத்துகளைத் தன்வசம் எடுத்துக்கொண்டு, 2013 அக்டோபர் 31 அன்று அவற்றைப் புதிய கம்பெனியிடம் ஒப்படைத்தது. ஒப்பந்தம் 2014 ஆகஸ்டில்தான் வந்தது. கேரளத்தில் தாமதமாகியும் காரியம் கெடாமல் போனதற்கு, கம்பெனி முழுக்க அரசின் கையிலேயே இருந்தது ஒரு முக்கியக் காரணம். வாங்குபவர் ஒருவர் வாசலில் காத்திருக்கும் இடத்தில் அந்த அவகாசம் கிடைக்காது.

ஒருவேளை அறிவிக்கை முந்திவிட்டால் முழுவதும் கைநழுவிவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. ஊழியர் மாற்றம் குறிப்பிட்ட காலத்துக்குத் தற்காலிகமாக இருக்கலாம் என்று 133-ஆம் பிரிவே இடம் தருகிறது. அந்தத் தற்காலிகக் காலம் முடிந்து மாற்றம் இறுதியாவதற்குள் பேசி முடிப்பது அடுத்த வாய்ப்பு.

யார் யார் உட்கார வேண்டும்

சங்கங்கள் பலவாக இருக்கும் வாரியத்தில், தனித்தனியே கோரிக்கைப் பட்டியல் கொடுப்பது நிர்வாகத்துக்கு வசதியாகவும் தொழிலாளிக்குப் பாதகமாகவும் முடியும். கூட்டுக்குழு அமைத்து ஒரே வரைவை முன்வைக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின்படி, 51 சதவீத உறுப்பினர் ஆதரவுள்ள சங்கமே பேச்சுவார்த்தைக்குரிய ஒரே சங்கம். அப்படி ஒன்று இல்லாத இடத்தில் 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு அமைய வேண்டும். இந்த விதியைக் காட்டிச் சிறிய சங்கங்களை வெளியே நிறுத்துவது பிரிவினைப் பேச்சில் புத்திசாலித்தனம் ஆகாது என்பது என் கருத்து. கணக்கீட்டாளர், சுமைக்கட்டுப்பாட்டு மையப் பணியாளர் போன்ற சிறு பிரிவினரின் சிக்கல்களைப் பெரிய சங்கங்கள் பல நேரங்களில் அறிந்திருப்பதில்லை.

பொறியாளர்களும் அதிகாரிகளும் சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருவதில்லை. தொழில் தகராறு முறைப்படி ஏற்படும் உடன்பாடு அவர்களுக்குத் தானாகப் பொருந்தாது. 133-ஆம் பிரிவும் முத்தரப்பு ஒப்பந்தமும் மட்டுமே அவர்களுக்கான காப்பு. எனவே அவர்களுடைய சங்கங்கள் ஒப்பந்தத்தில் தனியே கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிலை இன்னும் மோசம். மாற்றத் திட்டத்தின் ஊழியர் பட்டியலில் அவர்கள் பெயரே இருக்காது. ஆண்டுக்கணக்கில் கம்பம் நட்டும் கம்பி இழுத்தும் வேலை செய்தவர்களின் பெயர், சேர்ந்த நாள், வேலை செய்த பிரிவு அலுவலகம் ஆகியவை அடங்கிய பட்டியலை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கவாவது சங்கங்கள் வற்புறுத்த வேண்டும். பின்னாளில் நிரந்தரம் கோரும்போது அந்த இணைப்பே ஆவணச் சான்றாக நிற்கும். ஓய்வூதியர் சங்கத்தை மறந்துவிடுவதும் வழக்கமான பிழைதான்.

அரசு தரப்பில் எரிசக்தித் துறைச் செயலாளர் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. நிதித் துறை அந்த அறையில் இருக்க வேண்டும். பணம் தருவதாக ஒரு துறை ஒப்புக்கொண்டு, பணத்தை விடுவிக்க வேண்டிய துறை அதை அறியாமலிருந்தால், ஒப்பந்தம் கோப்பாகவே இருந்துவிடும். நிதித் துறையின் ஒப்புதல் எண்ணும் தேதியும் ஒப்பந்தத்தின் முகப்பிலேயே இடம்பெற வேண்டும் என்று கேளுங்கள். தயக்கம் எங்கே இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

முதலில் கேட்க வேண்டிய கணக்குகள்

பேச்சு தொடங்குமுன், பதவி வாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடங்களும் காலியிடங்களும், ஓய்வூதியர்கள் மற்றும் குடும்ப ஓய்வூதியர்கள் எண்ணிக்கை, வருங்கால வைப்பு நிதியின் உண்மையான இருப்பு, நிலுவையிலுள்ள ஒழுங்கு நடவடிக்கைகளும் நீதிமன்ற வழக்குகளும், கருணை அடிப்படையில் வேலை கேட்டுக் காத்திருப்போர் பட்டியல் ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு செய்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். இவற்றுள் வைப்பு நிதி இருப்பைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பொது நிறுவனங்கள் அந்தப் பணத்தை நடப்புச் செலவுக்குத் திருப்பிக்கொண்டு கணக்கேட்டில் மட்டும் இருப்பாகக் காட்டுவது நடக்கக்கூடியது. ஏட்டில் உள்ள தொகையா, வங்கியிலோ பத்திரங்களிலோ உள்ள தொகையா என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

பணி நிபந்தனைகள்

மாற்றத்துக்குப் பிந்தைய பணி நிபந்தனைகள், மாற்றம் நிகழாதிருந்தால் பொருந்தியிருக்கக்கூடிய நிபந்தனைகளைவிட எவ்வகையிலும் பாதகமாக இருக்கக் கூடாது என்று 133-ஆம் பிரிவே சொல்கிறது. பல ஒப்பந்த வரைவுகள் இதே வாசகத்தை வேறு சொற்களில் திருப்பி எழுதிவிட்டு, பெரிய சாதனைபோல அதைக் காட்டுகின்றன. சட்டம் ஏற்கெனவே கொடுத்ததை மீண்டும் பெறுவதற்காகப் பேச்சுவார்த்தை நாட்களைச் செலவிட வேண்டாம். சட்டம் சொல்லாமல் விட்டதைத்தான் ஒப்பந்தம் நிரப்ப வேண்டும்.

பிரிவினைக்குப் பின் பணிமூப்புப் பட்டியல் ஒன்றா, கம்பெனிக்கு ஒன்றா? உற்பத்திக் கம்பெனியில் பணியிடம் குறைந்தால் அங்குள்ளவர் பகிர்மானக் கம்பெனிக்குப் பணிமூப்பை இழக்காமல் வர முடியுமா? எந்தக் கம்பெனியில் பணிபுரிவது என்ற விருப்பத் தேர்வு ஒரு முறைதானா, காலக்கெடு என்ன? நிலுவையிலுள்ள குற்றச்சாட்டுக் குறிப்பாணையை எந்தக் கம்பெனி விசாரிக்கும்? பிரிவினைக்கு முன் இறந்த ஊழியரின் மகளுக்கு எந்தக் கம்பெனி வேலை தரும்? இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதப்படாவிட்டால், ஒவ்வொன்றும் ஒரு வழக்காக மாறும். தமிழகத்தில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டவர்கள் என்பதால், ஒரே கம்பத்தில் ஏறும் இருவருக்கு இரு வேறு ஓய்வூதிய விதிகள் உண்டு. பின்னவரின் கணக்கில் பிடித்த தொகையும் நிர்வாகத்தின் பங்கும் எந்த நாளில் எந்தக் கணக்குக்கு மாறும் என்பதையும் எழுத வேண்டும்.

ஓய்வூதியப் பணம்

ஒப்பந்தத்தின் உயிர்நிலை இதுதான். வாரியமாக இருந்தவரை ஓய்வூதியம் அந்தந்த மாத வருவாயிலிருந்து வழங்கப்பட்டு வந்திருக்கும். தனி நிதி எதுவும் பெரிதாகச் சேர்ந்திருக்காது. கம்பெனியாக மாறியதும், கடந்த காலப் பணிக்குரிய ஓய்வூதியச் சுமை முழுவதற்கும் ஒரு மதிப்பு போட்டு, அதை யார் தலையில் வைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். இந்த மதிப்பைப் போடுபவர் ஆக்சுவரி எனப்படும் கணிப்பாளர். அவர் எந்த ஓய்வு வயதை, எவ்வளவு அகவிலைப்படி உயர்வை, எத்தனை சதவீத வட்டியைக் கருதிக்கொண்டார் என்பதைச் சங்கங்கள் கேட்டறிய வேண்டும். வட்டியைச் சற்றே உயர்த்திக் கருதினாலே சுமை காகிதத்தில் பல நூறு கோடி குறைந்துவிடும்.

கேரளத்தில் செய்யப்பட்ட ஏற்பாட்டைப் படித்துப் பார்ப்பது பயன் தரும். 2013 அக்டோபர் 31 நிலவரப்படி சுமை 12,419 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. மாஸ்டர் டிரஸ்ட் என்ற நிதியம் அமைக்கப்பட்டு, அதன் பெயருக்குக் கம்பெனி இருவகைக் கடன் பத்திரங்களை வழங்கியது: 20 ஆண்டுகளுக்கு 10 சதவீத வட்டியில் 8,144 கோடி, 10 ஆண்டுகளுக்கு 9 சதவீத வட்டியில் 3,751 கோடி. மீதி 524 கோடி அரசின் நேரடிப் பங்கு. இதன் சிறப்பு என்னவென்றால், 'ஓய்வூதியம் பாதுகாக்கப்படும்' என்ற வாக்கு, தேதியும் வட்டியும் கொண்ட கடனாக எழுதப்பட்டுவிட்டது. கடனைக் கட்டாவிட்டால் அது தவணை தவறுதலாகும். வாக்கைக் காப்பாற்றாவிட்டால் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போய்விடலாம். ஆனாலும் பத்தாண்டு முடியும்போது அடுத்து என்ன என்ற கேள்வி எழவே செய்யும் என்பதால், காலவரையறை உள்ள எந்த ஏற்பாட்டுக்கும் அது முடியும் நாளுக்குப் பிந்தைய நிலையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

தில்லியில் 2002-இல் ஊழியர் ஓய்வுப் பலன்களுக்கான நிதியம் அமைக்கப்பட்டது. பிறகு தனியார் பகிர்மானக் கம்பெனிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தன. ஆயிரக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேறினர். இயல்பான ஓய்வு வயதைக் கருதித் திரட்டிய நிதியிலிருந்து அதற்கு முன்பே ஓய்வூதியம் தர வேண்டிய பொறுப்பு தனக்கில்லை என்று நிதியம் சொல்ல, கம்பெனிகள் மறுக்க, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. இதற்கான ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் அந்த அலைச்சல் இல்லாமல் போயிருக்கும். நிதிப் பற்றாக்குறையைச் சரிக்கட்டப் பின்னாளில் மின்கட்டணத்திலேயே ஓய்வூதியக் கூடுதல் கட்டணம் சேர்க்கப்பட்டது. 2021-இல் அது 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்ந்தது. அரசு செலுத்த வேண்டியது எது, நுகர்வோர் செலுத்த வேண்டியது எது என்று முதலிலேயே வரையறுக்காததன் விளைவு, சங்கத்துக்கும் பொதுமக்களுக்கும் இடையே மனக்கசப்பாக முடிகிறது.

ஒப்பந்தத்தில் சேர்க்கத்தக்க வாசகம் ஒன்றை இங்கே தருகிறேன்: "பிரிவினை நாளுக்கு முந்தைய பணிக்காலத்துக்குரிய ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை ஆகியவற்றில் நிதியத்தால் வழங்க இயலாத தொகையை மாநில அரசு ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதிக்குள் நிதியத்துக்கு அளிக்கும்; முன்கூட்டி ஓய்வு பெறுவோருக்கு இயல்பான ஓய்வு நாள்வரை ஆகும் தொகையை அத்திட்டத்தைக் கொண்டுவந்த கம்பெனியே செலுத்தும்; நிதியம், கம்பெனி, அரசு ஆகியவற்றுக்கிடையே எழும் தகராறு எதுவும் ஓய்வூதியருக்கு மாதத் தொகை வழங்குவதைத் தாமதப்படுத்தக் காரணமாகாது." கடைசிப் பகுதியை மட்டும் எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சங்கம் தர வேண்டியது

எடுப்பது மட்டுமே இருக்கும் ஒப்பந்தத்தை எந்த அரசும் நெடுநாள் மதிக்காது. தமிழக மின்வாரியத்தில் ஊதிய உயர்வு ஒப்பந்தத்தோடு வேலைப்பளு ஒப்பந்தமும் சேர்ந்தே பேசப்படும் மரபு உண்டு. அந்த மரபை இங்கேயும் கையாளலாம். பியூஸ் ஆஃப் கால் எனப்படும் மின்தடைப் புகார் வந்தபின் எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும், புது இணைப்பு எத்தனை நாளில் தரப்பட வேண்டும், மின்மாற்றி பழுதானால் மாற்றுக்கு என்ன கெடு என்பவற்றைச் சங்கங்களே முன்வந்து இலக்காக ஏற்கலாம். ஆனால் அதற்கு இணையாக, ஒரு பிரிவு அலுவலகத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை ஒயர்மேன்கள், எத்தனை கள உதவியாளர்கள் என்பதை நிர்வாகம் ஏற்க வேண்டும். ஆளில்லாத அலுவலகத்துக்கு இலக்கு வைப்பது விபத்தில் முடியும். இரவில் தனி ஆளாகக் கம்பம் ஏறக் கூடாது என்ற விதி காகிதத்தில் இருந்தும் மீறப்படுவது ஆள் பற்றாக்குறையால்தான். ஆகவே இலக்கும் பணியிட எண்ணிக்கையும் ஒரே பத்தியில், ஒன்றையொன்று சார்ந்தவையாக எழுதப்பட வேண்டும்.

தவிர்க்க வேண்டிய சொற்கள்

உத்தரப்பிரதேசத்தில் 2018 ஏப்ரல் 5 அன்றும் 2020 அக்டோபர் 6 அன்றும் அரசுக்கும் மின் ஊழியர் கூட்டமைப்புக்கும் உடன்பாடுகள் ஏற்பட்டன. ஊழியர்களை நம்பிக்கைக்குள் கொண்டுவராமல் தனியார்மயம் எதுவும் செய்யப்படாது என்பது அவற்றின் சாரம். 2024 இறுதியில் பூர்வாஞ்சல், தட்சிணாஞ்சல் ஆகிய இரு பகிர்மானக் கம்பெனிகளைத் தனியாருடன் இணைத்து நடத்தும் திட்டம் வெளியானபோது, ஊழியர்கள் அந்த உடன்பாடுகளைத்தான் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். 'நம்பிக்கைக்குள் கொண்டுவருவது' என்றால் என்ன? ஒரு கூட்டம் நடத்தினால் போதுமா? எழுத்தில் ஒப்புதல் வேண்டுமா? அளக்க முடியாத சொல் எப்போதும் அதிகாரத்தில் இருப்பவருக்கே சாதகமாகப் பொருள்படும். 'இயன்றவரை', 'உரிய காலத்தில்', 'பரிசீலிக்கப்படும்' ஆகியவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. அவற்றுக்குப் பதிலாக, 'பங்கு விற்பனைக்கான ஆலோசகரை நியமிப்பதற்கு 90 நாட்களுக்கு முன் வரைவு அறிக்கை சங்கங்களுக்கு வழங்கப்படும். சங்கங்களின் எழுத்துமூலக் கருத்து அமைச்சரவைக் குறிப்புடன் இணைக்கப்படும்' என்பது போல நாளும் செயலும் கொண்டு எழுத வேண்டும்.

சட்ட வடிவம்

அரசு கையெழுத்திட்டுவிட்டது என்பதாலேயே ஒப்பந்தம் எல்லோரையும் கட்டுப்படுத்திவிடாது. தொழில் தகராறு சட்டம், 1947-இன்கீழ் நேரடிப் பேச்சில் ஏற்படும் 18(1) உடன்பாடு கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. சமரச அலுவலர் முன்னிலையில் ஏற்படும் 12(3) உடன்பாடு, அந்த நிறுவனத்தில் அன்று இருப்பவர்களையும் பின்னர் சேர்பவர்களையும் கட்டுப்படுத்தியது. புதிய தொகுப்புச் சட்டத்திலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. எனவே முத்தரப்பு ஒப்பந்தத்தின் பணி நிபந்தனைப் பகுதியைத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் உடன்பாடாகவும் பதிவு செய்ய வேண்டும். அடுத்து, ஒப்பந்தம் முழுவதையும் அரசாணையாக வெளியிடச் செய்து, மாற்றத் திட்ட அறிவிக்கையின் இணைப்பாகவும் அரசிதழில் ஏற்ற வேண்டும். பங்குகள் விற்கப்படும் நிலை வந்தால் வாங்குபவர் கையெழுத்திடும் ஆவணத்திலும் இது இணைப்பாக வர வேண்டும் என்று ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதிவிடலாம்.

பேச்சு முறிந்தால்

2022 பிப்ரவரியில் சண்டிகரில் தனியார்மயத்தை எதிர்த்து மூன்று நாளுக்கு அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தம் நகரின் பெரும்பகுதியை இருளில் தள்ளியது. அத்தியாவசியப் பணிகள் சட்டம் பாய்ந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டது. தனியார்மயம் நிற்கவில்லை, 2025 பிப்ரவரி 1 அன்று நடந்தேறியது. 2023 ஜனவரி 4 அன்று மகாராஷ்டிரத்தில் தொடங்கிய 72 மணி நேர வேலைநிறுத்தமோ, துணை முதல்வருடன் பேசியதும் அன்றே முடிவுக்கு வந்தது. வேலைநிறுத்தம் எதைச் சாதிக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதற்கு இந்த இரண்டு நிகழ்வுகளும் போதும். இன்றைய சட்டப்படி 14 நாள் முன்னறிவிப்பு தேவை. சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்த ஏழு நாட்களுக்குள்ளும் வேலைநிறுத்தம் கூடாது. ஊழியர்களில் பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கொள்ளப்படும். அரசுத் தரப்புக்கும் ஒரு சொல்: அத்தியாவசியப் பணிகள் சட்டத்தைக் காட்டி வேலைக்கு வரவழைக்கலாம், மழை இரவில் மனமொப்பிக் கம்பம் ஏற வைக்க அந்தச் சட்டத்தில் பிரிவு இல்லை.

கையெழுத்தான பிறகு

கண்காணிப்புக் குழு ஒன்றை ஒப்பந்தத்திலேயே பெயர் சொல்லி அமைக்க வேண்டும். எரிசக்தித் துறை, நிதித் துறை, ஒவ்வொரு வாரிசுக் கம்பெனி, சங்கங்கள், ஓய்வூதியர் சங்கம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். கூட்டக் குறிப்பு பதினைந்து நாட்களுக்குள் கையெழுத்தாகி வெளியாக வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்காக 1966-இல் அமைக்கப்பட்ட கூட்டு ஆலோசனை அமைப்பு, அலுவலகம், துறை, தேசியம் என்று மூன்று நிலைகளில் இயங்குவதைப் போல, மின்பகிர்மான வட்ட அளவிலும் ஒரு குழு இருந்தால் பணிமூப்புத் தவறு போன்ற சில்லறைச் சிக்கல்கள் தலைமையகம் வரை வராமலே தீரும். அந்த அமைப்பில் ஊதியம், வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றில் உடன்பாடு எட்டாவிட்டால் நடுவர் தீர்ப்புக்கு விட வழி உண்டு; அத்தகைய வழி ஒன்றை இங்கும் சேர்த்துவிட்டால், பேச்சு முறியும் ஒவ்வொரு முறையும் தெருவுக்கு வர வேண்டியதில்லை.

ஓய்வூதியச் சுமையின் மதிப்பீட்டை ஆண்டுதோறும் புதுப்பித்து அறிக்கையைச் சங்கங்களுக்குத் தர வேண்டும் என்பதும் குழுவின் வேலைப் பட்டியலில் இருக்கட்டும். ஒப்பந்தத்தின் நகல் எல்லாப் பிரிவு அலுவலகங்களிலும், ஓய்வூதியம் வழங்கும் அலுவலகங்களிலும் இருக்க வேண்டும். இன்று கையெழுத்திடும் பொறுப்பாளர்களில் பலர் பத்தாண்டுகளில் ஓய்வு பெற்றுவிடுவார்கள் என்பதால், பேச்சுவார்த்தைக் குறிப்புகளையும் இரு தரப்பு வரைவுகளையும் சங்க அலுவலகத்தில் தனிக் கோப்பாகக் கட்டி, அடுத்து வருபவரிடம் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும்.